வழியில் ஏற்றிய சவாரி

1

ஐயம்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானே இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசி கருட சேவை. அங்கே காஞ்சிபுரத்தில் நம் வரதர் கருடன் மேல் ஏறிக் கோபுரவாசலுக்கு வந்த அதே நாளில், இங்கே இங்கிலாந்தின் வடபக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் கவுன்சில் ஆபீசில், நம் நகராட்சி ஆபீஸ் மாதிரி, எனக்கு விசாரணை. என் டாக்சி லைசென்ஸை விட்டுவைக்கலாமா, பிடுங்கிவிடலாமா என்று பேச்சு. நான் செய்த குற்றம் இதுதான். வண்டியில் ஒரு சவாரி இருக்கும்போதே வழியில் கை காட்டிய இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டேன். காசும் வாங்கினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் தென்னேரி ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். பத்தாவதில் கணக்கு என் காலை வாரிவிட்டது. அப்புறம் வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். பெண் எடுத்தது ஐயம்பேட்டையில். என் மனைவி மகாலட்சுமி நர்சு படித்தவள். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும், என் விரலைப் பிடித்துக்கொண்டு மகள் நிவேதாவும் வந்து சேர்ந்தோம். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வந்த புதிதில் ஒரு காய்கறிக் கிடங்கில் முட்டைக்கோஸ் அடுக்கினேன். குளிர்பதன அறை. விரல் மரத்துப்போகும். அப்புறம் கவுன்சில் வைத்த பரீட்சை எழுதி, முதல் தடவை கோட்டைவிட்டு, மறுதடவை தேறி, டாக்சி லைசென்ஸ் வாங்கினேன். அந்த அட்டையைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இந்த ஊரில் என்னை யார் என்று சொல்ல எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

2

இந்த ஊரில் டாக்சி இரண்டு வகை. ஒன்றுக்கு நான் வைத்த பெயர் ஸ்டாண்டு டாக்சி. அவர்கள் ஸ்டாண்டில் நிற்கலாம், தெருவில் கை காட்டுகிறவர்களை ஏற்றலாம். இன்னொன்று போன் டாக்சி. எங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணிப் பதிவு செய்தவர்களை மட்டும்தான் நாங்கள் ஏற்றலாம். கொட்டுகிற மழையில் ஒருவர் கையைக் காட்டினாலும் கண்ணை நேரே வைத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

சரி, ஸ்டாண்டு டாக்சியே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். இத்தனை வண்டிதான் என்று கவுன்சில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு மேல் வண்டியில் மாட்டும் லைசென்ஸ் தகடு கொடுக்க மாட்டார்கள். பழைய ஆள் யாராவது ஓய்வு பெற்று விற்றால் வாங்கலாம். ஒரு தகரத் தகட்டுக்கு வண்டியை விட அதிக விலை. அந்த விலையைக் கடைசியில் யார் கட்டுகிறார்கள்? மழையில் நிற்கிற ஆள்தான் கட்டுகிறார். காசாகவும் கட்டுகிறார், காத்திருந்தும் கட்டுகிறார்.

இந்தக் கணக்கை எடுத்துவிடலாமா, ஓட்டத் தகுதி உள்ளவர் எல்லோரும் ஓட்டட்டும் என்று விடலாமா என்று இப்போது ஊரில் பெரிய வாதம் நடக்கிறது. பேப்பரில் எழுதுகிறார்கள். முடி வெட்டுகிற கடையில் பேசுகிறார்கள். கவுன்சில் ஜனங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. என் அப்பா நெல் அடித்தால் அரசாங்கக் கொள்முதல் நிலையம் இருந்தது, வாலாஜாபாத் மில்காரரும் இருந்தார். நிலையத்தில் விலை நல்ல விலை. ஆனால் வரிசையில் மூட்டை நனையும். மில்காரர் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுப்பார். ஆனால் அன்றைக்கே கொடுப்பார். அப்பா மில்லில் போய், "நிலையத்துல இடம் சொல்லிட்டாங்க" என்பார். அப்புறம் நிலையத்தில் போய், "மில்லுக்காரர் வண்டி அனுப்புறேன்னாரு" என்பார். இரண்டு இடத்திலும் மரியாதை கிடைக்கும். ஒரு வாசலை மூடியிருந்தால் அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

3

நடந்தது மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம். இங்கே அது மழையும் குளிரும் கலந்த காலம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரை, அவர் பதிவு செய்திருந்தபடி, வேலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் பஸ் ஸ்டாப்பில் ஒரு வயதான அம்மா. குடை திருப்பிக்கொண்டுவிட்டது. கையைத் தூக்கினார்.

என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. யோசித்து மிதிக்கவில்லை. வாலாஜாபாத் ரோட்டில் அத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு ரோட்டோரம் கை எழுந்தால் கால் தானாக இறங்கும். காலையில் ஐயம்பேட்டையில் தறிக்காரர் ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றிய சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். ஏற்கெனவே வண்டி நிறைந்திருக்கும். "கொஞ்சம் தள்ளி உக்காருமா, பட்டு கசங்கப் போவுது" என்றால் எல்லோரும் தள்ளுவார்கள். அப்படி ஓட்டிப் பழகிய கால்.

கண்ணாடியை இறக்கி, "எங்கே இறங்கணும்?" என்றேன், நம் ஊர் வழக்கப்படியே இங்கிலீஷில். அந்த அம்மா சிரித்தார். அப்படி யாரும் இங்கே கேட்க மாட்டார்கள். டோரதி என்று பெயர். கணவர் ஆஸ்பத்திரியில். சாயங்காலப் பஸ்ஸை ஆள் ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள், இவருக்கு அது தெரியவில்லை. பார்வை நேரம் முடியப் போகிறது. சலவைக்கூடத்துக்காரரைப் பார்த்தேன். "எனக்கென்ன, ஒரே இடம்தானே" என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

இறங்கும்போது டோரதி அம்மா காசை நீட்டினார். "வேண்டாம்" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "நான் பிச்சை கேட்கவில்லை, சவாரி கேட்டேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். எனக்கு அது புரியும். ஐயம்பேட்டையிலும் சும்மா ஏற்றினால் மறுநாள் அந்த ஆள் நம் வண்டிக்குக் கை காட்டக் கூச்சப்படுவார். காசு கொடுத்து ஏறினால் நிமிர்ந்து ஏறுவார், "இன்னாபா லேட்டு" என்று நம்மைத் திட்டவும் திட்டுவார்.

4

அப்புறம் கவுன்சிலில் இருந்து தபால் வந்தது. மகாலட்சுமி படித்துச் சொன்னாள். படித்துவிட்டு என் காலைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க காலு மட்டும் இன்னும் அங்கயே நிக்குதுபோல. அதுக்கும் ஒரு விசா எடுத்து இட்டாந்திருக்கணும்" என்றாள். சொன்னது கேலி. ஆனால் தபாலை மறுபடி முதலிலிருந்து படித்தாள். லைசென்ஸ் போனால் மறுபடி அந்தக் குளிர்பதன அறைதான். அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கே வரதர் கோயில் தாயாருக்கு நெய்விளக்கு வேண்டிக்கொண்டாள்.

அவள் தம்பி ஏழுமலை இன்னும் ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறான். போனில் சொன்னேன்.

"இன்னா மாமா, அவ்ளோ தூரம் போயும் ஆபீசருங்க உன்ன உடலியா?"

"உடலப்பா."

"எத்தினி பேர ஏத்தினு போன?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேரா? வண்டி நெறைய ஏத்திக்கினு, டிரைவர் சீட்டுல பாதிய வாடகைக்கு உட்ட ஆளு நீ. ரெண்டு பேருக்கா மாட்டின? ஸ்டாண்டுல சொல்லாத மாமா, மானம் பூடும்."

அவனுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமான பிறகு வண்டியில் கூட்டம் குறைந்துவிட்டது. "ஆனா ஒண்ணு மாமா, காலைல கம்பெனிக்குப் போற பொண்ணுங்க நம்ம வண்டிலதான் வருதுங்க. பஸ்ஸு ஃப்ரீதான். வந்தாதான ஏற முடியும்?" என்றான். என் தங்கை அந்த இலவசப் பஸ்ஸில்தான் வாலாஜாபாத் வேலைக்குப் போகிறாள். அதில் அவளுக்கு மிச்சமாகிற காசு எனக்குத் தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். பஸ் ஓடட்டும். ஏழுமலையையும் ஓட விடட்டும். எதில் ஏறுவது என்பதை அந்தப் பெண் முடிவு பண்ணட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

யார் புகார் கொடுத்தது என்று தபாலில் இல்லை. இரண்டு நாள் கழித்து வண்டி கழுவும் இடத்தில் அதுவும் தெரிந்தது. பஷீர் பாய் ஸ்டாண்டு டாக்சி ஓட்டுகிறவர், பாகிஸ்தான்காரர், எனக்கு மூத்தவர். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நேரே வந்தார்.

"வரதன் பாய், எழுதிப் போட்டது நான். முதுகுக்குப் பின்னால் கேள்விப்பட வேண்டாம் என்று சொல்கிறேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில்தான் என் வண்டி நின்றது."

"நீங்க நின்னீங்களா? அந்த அம்மா உங்களைப் பார்க்கலையே பாய்."

"மழையில் எனக்கும் தெரியவில்லை. நீ ஏற்றிய பிறகுதான் பார்த்தேன். அந்தத் தகட்டுக்காக என் வீட்டை அடமானம் வைத்தேன். நீயும் தெருவில் ஏற்றுவாய் என்றால் என் தகடு எதற்கு? அடுப்பில் வைக்கவா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் எழுதியிருப்பேன். வாசலுக்கு விலை வைத்தது அவரில்லை. வாசலைச் சின்னதாகக் கட்டியவர்கள் வேறு. இவர் வீட்டை வைத்து உள்ளே நுழைந்தவர். நாளைக்கு வண்டிக் கணக்கை எடுத்து அந்தச் சுவரை இடித்தால் இவருக்கு ஏதாவது ஈடு கொடுத்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

5

நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இப்போது மேல்நிலைப் படிப்பில் பொருளாதாரம் எடுத்திருக்கிறாள். சனிக்கிழமை பெருமாள் படத்துக்கு விளக்கேற்றும்போது வருவதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். பல நாள் அந்தப் பதிலும் தோளை உயர்த்துவதோடு சரி. பக்கத்து அறையில் இருந்தாலும் மகாலட்சுமி அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனில்தான் செய்தி போடுகிறாள்.

தபாலைப் படித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இது க்ளாஸ்ல படிச்ச அதே கேஸ். உள்ள இருக்கறவங்க ரூல் போட்டு வெளிய இருக்கறவங்கள வர விடமாட்டாங்க. விலை ஏறும். பாட்டிங்க மழைல நிப்பாங்க. மார்க்கெட்ட ஃப்ரீயா விட்டா யாராவது ஒருத்தர் நிறுத்துவாங்க."

"அதத்தான நான் அங்க ஓட்டுனேன்."

"யெஸ். நீ ஃப்ரீ மார்க்கெட்பா."

"ஃப்ரீ இல்லமா, டிக்கெட்டு உண்டு."

சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என் பேச்சுக்குச் சிரித்தது. அப்புறம் விசாரணைக் கமிட்டியில் நான் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தாள். அதில், 'விதி எனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று ஒரு வரி. அப்படிச் சொன்னால் தப்பிக்கலாமாம். தினமும் என்னைப் படிக்க வைத்தாள். நான் உச்சரிப்பில் தடுக்கினால், "மறுபடி, அப்பா" என்பாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அவளுக்குத் திருப்பாவை சொல்லிக் கொடுத்த அதே கண்டிப்பு.

6

விசாரணை அன்று காலையில் குளித்து, நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டேன். "அவங்க எதனா நெனப்பாங்களா?" என்று மகாலட்சுமி கேட்டாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கவுன்சில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஏழுமலை அன்று விடியலில் எடுத்து அனுப்பிய வீடியோ போனில் இருந்தது. கோபுரவாசல். கருடன் மேல் பெருமாள். கூட்டம் "வரதா, வரதா" என்கிறது. நொடிநேரம் பெரிய குடைகள் சாய்ந்து அவரை மறைத்தன. நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். அந்தக் காலத்தில் சோளிங்கபுரத்தில் ஒரு பக்தர், உடம்பு முடியாமல் கருட சேவைக்கு வர முடியாமல் அழுதாராம். பெருமாள் அவருக்காக அங்கே போய்க் காட்சி கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் குடை சாயும் நொடியில் அவர் இங்கே இல்லை, வர முடியாதவரிடம் போயிருக்கிறார் என்று சொல்வார்கள்.

ஒரு வருஷம் கருட சேவை வாரத்தில் அதிகாரிகள் ரோட்டில் நின்று ஷேர் ஆட்டோக்களைப் பிடித்தார்கள். நாங்கள் வண்டியை வெளியே எடுக்கவில்லை. ஐயம்பேட்டையில் இருந்து ஜனம் நடந்தது. ஒரு வயதான தறிக்காரரும் அவர் வீட்டம்மாவும் போய்ச் சேர்வதற்குள் பெருமாள் ஊருக்குள் திரும்பிவிட்டார். திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "பெருமாளு கரெக்டா வந்துட்டாருபா. நாங்கதான் வரல" என்றார். என் வண்டியில் ஓட்டை ஒடிசல் இருந்ததென்றால் அதைப் பிடிக்கட்டும். பிரேக் பார்க்கட்டும். நான் குடித்திருக்கிறேனா என்று ஊதச் சொல்லட்டும். அதற்குத்தான் சர்க்கார். வண்டியே வேண்டாம் என்றால் அந்தக் கிழவர் எப்படிப் போவார்?

வீடியோவில் குடை நிமிர்ந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவியம்மா. பின்னால் நிவேதா, மகாலட்சுமி, டோரதி அம்மா. டோரதி அம்மாவை நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்திருந்தார். சுவரோரம் பஷீர் பாய்.

"பதிவு இல்லாமல் ஏற்றக்கூடாது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றார் தலைவியம்மா.

நிவேதா எழுதிய வரி நாக்கு வரைக்கும் வந்தது. நெற்றியில் இட்டிருந்தது உறுத்தியது.

"தெரியும். கால் மிதித்துவிட்டது" என்றேன். பின்னால் நிவேதா மூச்சை இழுத்தது கேட்டது.

"காசு வாங்கினீர்களா?"

"கொடுத்தார்கள், வாங்கினேன். வாங்காவிட்டால் அவர்களுக்கு அவமானம்."

"விபத்து நடந்திருந்தால் அந்த அம்மாவுக்கு உங்கள் இன்சூரன்ஸ் ஒரு பைசா கொடுத்திருக்காது. அது தெரியுமா?"

அதை நான் யோசித்ததே இல்லை. "அந்த விதி சரியான விதி அம்மா" என்றேன். "வண்டி எத்தனை என்று எண்ணுகிற விதிதான் எனக்குப் புரியவில்லை. நிற்கிறவர்களை யாரும் எண்ணவில்லையே."

அவர்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டோரதி அம்மா அனுமதி கேட்காமலே எழுந்தார். "அன்றைக்கு நான் போகாமல் இருந்திருந்தால் என் கணவர் கென் இரவு முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இப்போது வீட்டில் உட்கார்ந்து எனக்கே உத்தரவு போடுகிறார். அதற்கும் இந்த மனிதர்தான் காரணம்" என்றார். பஷீர் பாய் கூடச் சிரித்துவிட்டார்.

எங்களை வெளியே அனுப்பி, பஷீர் பாய் ஸ்டாண்டுக்குப் போன பிறகு மறுபடி கூப்பிட்டுச் சொன்னார்கள். எழுத்தில் எச்சரிக்கை. லைசென்ஸ் என்னிடமே இருக்கும். வண்டிக் கணக்கு பற்றிய கருத்தைத் தனியாக எழுதிக் கொடுங்கள், அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது என்றார்கள்.

வெளியே வந்ததும் மகாலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள், இந்த ஊர்க்காரர்கள் மாதிரி, நாலு பேர் பார்க்க. நிவேதா, "நான் எழுதினத விட்டுட்டியே" என்றாள். பிறகு, "பரவால்ல. நல்லாதான் சொன்ன" என்றாள், தமிழில். கருத்து எழுதிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை உட்கார்வதாகப் பேச்சு. பஷீர் பாய்க்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். "அது மார்க்கெட் இல்லப்பா" என்று சண்டைக்கு வருகிறாள். வரட்டும், எதிரில் உட்கார்ந்துதானே சண்டை போடுகிறாள்.

7

மகாலட்சுமியும் நிவேதாவும் வேலைக்கும் பள்ளிக்கும் பஸ் ஏறினார்கள். நான் வண்டியை எடுக்கப் போனால் டோரதி அம்மா பக்கத்தில் நிற்கிறார்.

"வீட்டுக்குக் கூட்டிப் போவாயா?"

"ஐயோ, இப்போதுதான் வெளியே வந்தேன். ஆபீசுக்குப் போன் பண்ணுங்கள்."

என் வண்டிக் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு அவர் போன் பண்ணினார். எங்கே நிற்கிறீர்கள் என்று ஆபீஸ் பெண் கேட்டிருக்க வேண்டும். "டாக்சிக்குப் பக்கத்தில்" என்றார். பக்கத்தில் இருக்கும் வண்டிக்குத்தான் சவாரி போகும். என் போன் மணி அடித்தது. எதிர் ஸ்டாண்டில் பஷீர் பாய் கண்ணாடியை இறக்கி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கிறதா?" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அட்டையைத் தூக்கிக் காட்டினேன். கையை மார்பில் வைத்துத் தலையசைத்தார்.

பாதி வழியில் சிக்னலில் நின்றோம். ஓரமாகப் பஸ் ஸ்டாப்பில் இரண்டு கை நிறையப் பைகளோடு ஒருவர். ஒரு பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். பச்சை விழுந்தது. என் கால் பிரேக்கிலேயே இருந்தது.

"பார்க்காதே, நேரே பார்" என்றார் டோரதி அம்மா. சொல்லிவிட்டுத் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, எங்கள் ஆபீஸ் நம்பரை அந்த ஆளுக்கு உரக்கச் சொன்னார், இரண்டு தடவை.

வண்டியை எடுத்தேன். பெருமாளே என்று சொல்லிக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவர் இன்னொரு பையையும் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.